தைமஸ் சுரப்பியும் அதன் ஹார்மோன்களும்

"தைமஸ் சுரப்பி தைமோசின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது, அது நோய்த் தடுப்பாற்றலுக்கு உதவுகிறது." பள்ளியிலே உயிரியல் படித்தவர் பெரும்பாலோர் இப்படி ஒரு வரியை மனப்பாடம் செய்தவரே. நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடத்தில் பிட்யூட்டரிக்குப் பல பக்கங்கள். தைராய்டுக்குச் சில பக்கங்கள். தைமஸுக்கோ ஓரிரு வரிகள். தேர்வில் ஒரு மதிப்பெண் பெறுவதற்கு அது போதும். ஆனால் அவ்வரி முழு உண்மையா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று.

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதும் அன்று. "தடுப்பாற்றலைப் பெருக்கும்" என்ற விளம்பரத்தோடு தைமஸ் சாறு அடங்கிய மாத்திரைகள் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றன. இலக்கியமும் பொருளியலும் பயிலும் நம் மன்ற நண்பர்கள் சிலர், "வீட்டிலுள்ள முதியவர்களுக்கு இவற்றை வாங்கிக் கொடுக்கலாமா?" என்று உயிரியல் பயிலும் என்னைக் கேட்டதுண்டு. ஒரு சொல்லில் விடை கூறுவதைவிட, இச்சுரப்பியின் வரலாற்றை முறையாகச் சொல்வதே நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இருப்பிடமும் அமைப்பும்

மார்பெலும்பிற்குப் பின்னால், இதயத்திற்கு மேலும் முன்னுமாக, இரண்டு மடல்களோடு அமைந்திருப்பது தைமஸ். கிரேக்க மொழியில் உயிர், உள்ளம் என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர் சிலர். தைம் என்னும் செடியின் இலையை ஒத்திருப்பதால் வந்தது என்பர் வேறு சிலர்.

மற்றைய உறுப்புகளுக்கில்லாத ஒரு விந்தை இதற்கு உண்டு. குழந்தை பிறக்கும்போது இதன் எடை ஏறக்குறைய 15 கிராம். பருவமெய்தும் வயதில் அது 30 முதல் 40 கிராம் வரை வளர்கிறது. அதன்பின் ஆண்டுதோறும் அதன் வேலைசெய்யும் திசு தேய்கிறது. அவ்விடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. உடல் முழுவதும் வலிமை பெற்று நிற்கும் இளமையிலேயே தேயத் தொடங்கும் உறுப்பு இது. அளவு இவ்வாறு வயதோடு மாறுவதை 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்னும் மருத்துவ அறிஞர் குறித்திருக்கிறார். ஆனால் இதன் தொழில் யாது என்பது 1961 வரை எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

அறியாமையால் விளைந்த கேடு

தொழில் தெரியாத உறுப்பின் மீது பழி சுமத்துவது எளிது. நேற்றுவரை நலமாக இருந்த கைக்குழந்தை உறக்கத்திலேயே இறந்துவிடுவதுண்டு. அத்தகைய குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள், அவற்றின் தைமஸ் மிகப் பெரிதாக இருப்பதைக் கண்டனர். பெருத்த தைமஸ் மூச்சுக்குழாயை நெரித்துவிட்டது என்று எண்ணினர். 1858-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்லேபன் இக்கருத்தை மறுத்தார். எனினும் 1889-ல் வியன்னாவின் பால்டாஃப், தைமஸும் நிணநீர்த் திசுக்களும் பெருத்திருப்பது ஒரு பிறவிக் கோளாறு என்று கூறவே, பழைய எண்ணம் புதுப் பெயரோடு நிலைபெற்றது.

20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வெண்ணம் சிகிச்சையாகவே மாறிற்று. நோய் ஏதுமில்லாத குழந்தைகளின் மார்பிலும் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கினர். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இக்கதிர்வீச்சைப் பெற்றனர். தைமஸுக்கு மேலே கழுத்தில் இருப்பது தைராய்டு. அதன் மீதும் கதிர் பட்டது. தைராய்டுப் புற்றுநோய் கண்ட சிறுவர்களில் கணிசமானோர் கைக்குழந்தைப் பருவத்தில் இக்கதிர்வீச்சைப் பெற்றவர்கள் என்று 1950-ல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய இருவர் எடுத்துக்காட்டினர்.

தவறு எங்கே நேர்ந்தது? அக்காலத்தில் "இயல்பான தைமஸ்" என்று கொள்ளப்பட்டது, நெடுநாள் நோயிலும் பசியிலும் கிடந்து இறந்த குழந்தைகளின் தைமஸே. நோயும் பட்டினியும் தைமஸைச் சுருக்கிவிடும். நலமாயிருந்து திடீரென இறந்த குழந்தையின் தைமஸ்தான் உண்மையில் இயல்பான அளவுடையது. சுருங்கியதை அளவுகோலாக வைத்ததால், இயல்பானது பெருத்ததாகத் தோன்றிற்று. அளவுகோல் பிழையானால் அளவும் பிழையாகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதனினும் துயரமான சான்று குறைவு.

மில்லரின் சுண்டெலிகள்

1950-களின் இறுதியில் லண்டன் செஸ்டர் பீட்டி ஆராய்ச்சி நிலையத்தில் ஜாக் மில்லர் என்ற இளைஞர் சுண்டெலிகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து வந்தார். அந்நோயை உண்டாக்கும் வைரஸைப் பிறந்த குட்டிகளுக்கு ஏற்றினால் நோய் தைமஸில் தொடங்கும். வளர்ந்த எலியின் தைமஸை எடுத்துவிட்டால் நோய் வராது. அங்ஙனமாயின், பிறந்தவுடனேயே தைமஸை எடுத்துவிட்டால் வைரஸ் வேறெங்கேனும் தங்குமா என்று அறிய விரும்பினார் மில்லர். பிறந்து ஒரு நாள் ஆகாத குட்டியின் மார்பைத் திறந்து, மிகச்சிறு உறுப்பை எடுத்து, தாய் அதைத் தின்றுவிடாதபடி காத்து வளர்ப்பது எளிய செயலன்று.

குட்டிகள் முதலில் நன்றாகவே வளர்ந்தன. பால்குடி மறந்த பிறகு மெலிந்து, பேதி கண்டு இறந்தன. வைரஸ் பெறாத குட்டிகளுக்கும் இதே கதி. அவற்றின் இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தன. வேற்றின எலியின் தோலை ஒட்டினால், எந்த எலியும் சில நாள்களில் அதை உதிர்த்துவிடும். ஆனால் இந்த எலிகளின் முதுகில் வேற்றுத் தோல் பல வாரங்கள் அப்படியே இருந்து மயிரும் முளைத்தது. தைமஸைத் திரும்ப வைத்தபோது இக்குறைகள் நீங்கின. 1961-ல் 'லான்செட்' இதழில் மில்லர் இம்முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் ராபர்ட் குட் என்பவரின் குழுவும் அக்காலத்திலேயே இதையொத்த முடிவுகளைக் கண்டது.

வளர்ந்த எலியின் தைமஸை எடுத்தால் ஏன் தீங்கு தெரிவதில்லை? அதற்குள் தைமஸ் ஏராளமான அணுக்களைப் பயிற்றி உடலெங்கும் அனுப்பிவிடுகிறது. அவை நெடுங்காலம் வாழ்கின்றன. இதனாலேயே தைமஸ் பயனற்றது என்று அத்தனை காலம் நம்ப முடிந்தது.

பின்னர் மாக்ஸ் கூப்பர் கோழிகளை ஆராய்ந்து, லிம்போசைட்டுகளில் இருவகை உண்டென்று 1965-ல் காட்டினார். எதிர்ப்பொருள்களை உண்டாக்குபவை ஒருவகை, அவை பி-அணுக்கள். தைமஸில் முதிர்பவை மற்றொரு வகை. தைமஸ் என்பதன் ஆங்கில முதலெழுத்தால் அவை டி-அணுக்கள் எனப்படும். மில்லரும் அவருடைய மாணவர் கிரஹாம் மிட்செலும் 1968-க்குள் எலிகளில் இவ்விரு வகையும் கூடி வேலைசெய்வதைக் காட்டினர். கூப்பருக்கும் மில்லருக்கும் 2019-ல் லாஸ்கர் பரிசு அளிக்கப்பட்டது.

இரண்டு தேர்வுகள்

தைமஸுக்குள் நடப்பதை மாணவர்களாகிய நமக்குப் பழக்கமான உவமையாலேயே விளக்கலாம். எலும்பு மச்சையிலிருந்து இளம் அணுக்கள் தைமஸுக்குள் வருகின்றன. ஒவ்வோர் அணுவும் தன் ஜீன் துண்டுகளைச் சீட்டுக் கட்டைப் போலக் கலைத்து, தனக்கென ஓர் உணர்கொக்கியைச் செய்துகொள்கிறது. எந்தக் கிருமி நாளை வரும் என்று உடலுக்குத் தெரியாது. ஆகவே கோடிக்கணக்கான வடிவங்களில் கொக்கிகளைச் செய்து வைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு செய்வதால் பயனற்ற கொக்கிகளும், நம் உடலையே பற்றும் கொக்கிகளும் அவற்றுள் கலந்துவிடுகின்றன. எனவே இரண்டு தேர்வுகள் வேண்டும்.

முதல் தேர்வு தைமஸின் புறப்பகுதியில் நடக்கிறது. உடலின் ஒவ்வோர் அணுவும் தன் மேற்பரப்பில் சில அடையாளப் புரதங்களைத் தாங்கியிருக்கும். கிருமியின் துண்டுகளை அவற்றில் வைத்துக் காட்டினால்தான் டி-அணு அதைப் படிக்க முடியும். அடையாளப் புரதத்தைச் சிறிதும் பற்ற இயலாத அணு தோற்றது, அது மடிகிறது. இரண்டாம் தேர்வு பெரும்பாலும் உட்பகுதியில் நடக்கிறது. உடலின் சொந்தப் பொருளையே இறுகப் பற்றும் அணு ஆபத்தானது; அதுவும் மடிகிறது. நுழைந்தவற்றுள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியேறுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இத்தனை கடுமையான தேர்வு இல்லை எனலாம்!

இங்கே ஓர் ஐயம் எழும். கணையத்தில் மட்டும் உண்டாகும் இன்சுலினைத் தைமஸ் எவ்வாறு காட்டி இரண்டாம் தேர்வை நடத்தும்? எயர் என்னும் ஜீன் இதற்கு விடை. அது தைமஸின் உட்பகுதி அணுக்களை, உடலின் பற்பல உறுப்புகளுக்குரிய புரதங்களைச் சிறிது சிறிதாகச் செய்துகாட்ட வைக்கிறது. இந்த ஜீன் 1997-ல் கண்டறியப்பட்டது. இது பழுதுபட்டுப் பிறந்தவர்களுக்கு அவர்களுடைய டி-அணுக்களே பாராதைராய்டு, அட்ரீனல் முதலிய சுரப்பிகளைத் தாக்குகின்றன.

தேர்வுகளில் தப்பிச்செல்லும் சில ஆபத்தான அணுக்களை அடக்கிவைக்க மற்றொரு வகை டி-அணுக்களையும் தைமஸ் உண்டாக்குகிறது. இக்காவல் அணுக்களை ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். இதுபற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும், மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹார்மோன் வேட்டை

இனி, கட்டுரையின் மையத்திற்கு வருவோம். தைமஸ் இத்தனையும் செய்வது தன் அணுக்களாலா, இரத்தத்தில் கலக்கும் சாற்றாலா? 1963-ல் ஒரு சோதனை இவ்வினாவைக் கிளப்பிற்று. நீர்மம் புகக்கூடிய, ஆனால் அணு புக முடியாத சிறு துளைகளையுடைய சவ்வுப் பெட்டிக்குள் தைமஸ் திசுவை அடைத்து, தைமஸ் இழந்த எலியின் உடலில் வைத்தனர். எலியின் தடுப்பாற்றல் ஓரளவு மீண்டது. பெட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்திருக்க வேண்டும் அன்றோ? அதுவே தைமஸ் ஹார்மோன் என்று பலரும் தேடத் தொடங்கினர்.

தேடலைப் பின்தொடருமுன், ஹார்மோன் என்பதற்கு இலக்கணம் வகுத்துக்கொள்ள வேண்டும். அச்சொல் 1905-ல் ஸ்டார்லிங் என்பவரால் வழக்கிற்கு வந்தது. ஒரு குறிப்பிட்ட உறுப்பில் உண்டாக வேண்டும். இரத்தத்தின் வழியே செல்ல வேண்டும். தொலைவிலுள்ள திசுவில் வேலைசெய்ய வேண்டும். உறுப்பை எடுத்தால் அது குறைய வேண்டும். அப்பொருளைத் தனியே செலுத்தினால் குறை தீர வேண்டும். இன்சுலின் இவ்வைந்திலும் தேறும். தைமஸின் பொருள்களை இதே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, தைமோசின். நியூயார்க்கில் ஆபிரகாம் ஒயிட்டும் ஆலன் கோல்ட்ஸ்டீனும் கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து பெற்ற சாற்றுக்கு 1966-ல் இப்பெயரிட்டனர். அது தனிப்பொருள் அன்று. பல சிறு புரதங்களின் கலவை. அதிலிருந்து 28 அமினோ அமிலங்களையுடைய தைமோசின் ஆல்பா-1 என்பது 1977-ல் தனிப்படுத்தப்பட்டது. ஆனால் அது ஒரு பெரிய புரதத்தின் முனைத்துண்டு என்பதும், அப்பெரிய புரதம் உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் உள்ளது என்பதும் பின்னர் தெரிந்தன. தைமோசின் பீட்டா-4 என்பதன் நிலையும் அதுவே. அணுவின் உள்சட்டகமாகிய ஆக்டின் என்னும் புரதத்தைப் பிடித்துவைப்பதே அதன் தொழில் என்று 1991-ல் கண்டனர். பெயரில் தைமஸ் இருப்பினும் அது தைமஸுக்கு உரியதன்று.

இரண்டாவது, தைமோபாய்ட்டின். தசைச் சோர்வு நோயை ஆராய்ந்த கிடியன் கோல்ட்ஸ்டீன் 1970-களில் இதனைப் பிரித்தார். இந்தப் புரதக் குடும்பம் அணுக்களின் உட்கரு உறையோடு தொடர்புடையது என்றும், பல திசுக்களில் உள்ளது என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அதே கோல்ட்ஸ்டீன் 1975-ல் தைமஸில் மற்றொரு பொருளைக் கண்டார். தேடிய இடமெல்லாம் அது இருந்ததால், எங்கும் உள்ளது என்னும் பொருளில் யுபிக்விட்டின் எனப் பெயர் பெற்றது. தைமஸ் ஹார்மோனாக அது தேறவில்லை. ஆனால் அணுவுக்குள் அழிக்கப்பட வேண்டிய புரதங்களின் மேல் ஒட்டப்படும் முத்திரை அதுவே என்று தெரியவந்தது. அந்த முத்திரையின் செயலை விளக்கிய ஹெர்ஷ்கோ, சீக்கனோவர், ரோஸ் மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றைத் தேடி மற்றொன்றைக் காணும் விந்தை விஞ்ஞானத்தில் புதிதன்று.

மூன்றாவது, தைமுலின். பாரிஸில் ஜான் பிரான்சுவா பாக், மிரேய் தார்தேன் ஆகியோர் 1970-களில் கண்டது. ஒன்பதே அமினோ அமிலங்கள். தைமஸின் புறத்தோலிய அணுக்களே இதைச் சுரக்கின்றன. இரத்தத்தில் இதை அளக்கலாம். தைமஸை எடுத்தால் மறைகிறது. வயது ஏற ஏறக் குறைகிறது. நம் இலக்கணத்திற்கு மிக அருகில் வருவது இதுவே. எனினும் கடைசிச் சோதனையில் இதுவும் நின்றுவிடுகிறது. தைமஸே இல்லாத உயிருக்குத் தைமுலினை மட்டும் செலுத்தி முழுத் தடுப்பாற்றலை எவராலும் வரவழைக்க முடியவில்லை.

துத்தநாகத்தின் பங்கு

தைமுலினைப் பற்றி நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. துத்தநாக அணு ஒன்று சேர்ந்தால்தான் தைமுலின் வேலைசெய்யும். இல்லையேல் அது செயலற்ற துண்டே. மனிதர்க்கும் துத்தநாகக் குறை நேரும் என்பதை 1960-களில் உலகறியச் செய்தவர் பீகாரில் பிறந்து பட்னாவில் மருத்துவம் பயின்ற ஆனந்த பிரசாத். ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கண்டு அவர் தொடங்கிய ஆராய்ச்சி அமெரிக்காவில் தொடர்ந்தது. துத்தநாகம் சிறிது குறைந்தவர்களின் இரத்தத்திலும் தைமுலினின் செயல் குன்றுகிறது என்றும், துத்தநாகம் கொடுத்தால் அது மீள்கிறது என்றும் 1988-ல் அவர் குழுவினர் காட்டினர்.

இது சிறுசெய்தியன்று. பட்டினியில் வாடும் குழந்தையின் தைமஸ் சுருங்குகிறது. சாதாரண அம்மையும் பேதியும் அக்குழந்தையின் உயிரைப் பறிப்பதற்கு அது ஒரு காரணம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதை நாம் அறிவோம். மலிவான அம்மாத்திரை பல குழந்தைகளைக் காக்கிறது.

தைமஸை ஆளும் ஹார்மோன்கள்

தைமஸ் ஹார்மோன்களைப் பற்றிய ஐயங்கள் பல. தைமஸின் மேல் பிற ஹார்மோன்கள் செலுத்தும் ஆட்சியைப் பற்றி ஐயமே இல்லை. 1936-ல் ஹான்ஸ் செல்யே, எலிகளுக்குக் குளிர், காயம், நஞ்சு எதுவாயினும் கடுந்துன்பம் நேர்ந்தால் அட்ரீனல் பெருத்துத் தைமஸ் சுருங்குவதைக் கண்டார். அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் தைமஸின் இளம் அணுக்களை மடியச் செய்கின்றன. நோயில் இறந்த குழந்தைகளின் தைமஸ் சுருங்கியிருந்ததன் காரணம் இப்போது விளங்கும். பால் ஹார்மோன்களும் தைமஸைத் தேய்க்கின்றன. பருவமெய்தியபின் தேய்வு விரைவதற்கு அவை ஒரு காரணம்.

இன்றைய நிலை

தைமஸுக்குள் அணுக்களை வளர்க்கும் பொருள்கள் பல இன்று தெரியும். அவற்றுள் முதன்மையானது 1988-ல் கண்டறியப்பட்ட இன்டர்லூக்கின்-7. ஆனால் இவை பெரும்பாலும் சுரந்த இடத்திற்கு அருகிலேயே வேலைசெய்பவை. வீட்டுக்குள் பேசும் பேச்சே தவிர, ஊருக்கு அனுப்பும் ஓலை அல்ல. ஆகவே தைமஸை ஹார்மோன் சுரப்பி என்பதைவிட, டி-அணுக்களின் பயிற்சிக்கூடம் என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

மருந்தாக இப்பொருள்களின் நிலை என்ன? தைமோசின் ஆல்பா-1 சில நாடுகளில் மஞ்சட்காமாலை வகையான ஹெப்பட்டைட்டிஸ்-பி நோய்க்கு மருத்துவர்களால் தரப்பட்டு வந்துள்ளது. இரத்தம் நச்சுப்படும் செப்சிஸ் நோயில் அது உயிர் காக்கும் என்று சிறு ஆய்வுகள் நம்பிக்கை ஊட்டின. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர்களைக் கொண்டு சீனாவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2025-ல் வெளிவந்தது. 28 நாள்களுக்குள் நேரும் இறப்பை அம்மருந்து குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

முழு உறுப்பின் கதையோ வேறு. இதய அறுவையின்போது வழியை மறைக்கிறது என்று பெரியவர்களின் தைமஸை எடுத்துவிடுவது வழக்கம். அவ்வாறு எடுக்கப்பட்டவர்களையும், அதையொத்த அறுவை செய்துகொண்டு தைமஸை இழக்காதவர்களையும் பாஸ்டன் நகர அறிஞர்கள் ஒப்பிட்டு 2023-ல் வெளியிட்டனர். ஐந்தாண்டுகளில் இறந்தோர், தைமஸ் இழந்தவர்களில் நூற்றுக்கு 8.1, இழக்காதவர்களில் 2.8. புற்றுநோய் கண்டோர் முறையே 7.4, 3.7. தேய்ந்துபோன தைமஸும் வாளா இருக்கவில்லை என்பதற்கு இது வலுவான சான்று.

தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. இவர்களுக்கு எந்த ஹார்மோன் ஊசியும் உதவவில்லை. இதய அறுவைக்குட்படும் வேறு குழந்தைகளிடமிருந்து எடுத்த தைமஸ் திசுவைச் சில நாள் வளர்த்து, மெல்லிய துண்டுகளாகத் தொடைத் தசையில் பதிக்கும் முறையை அமெரிக்க அரசு 2021 அக்டோபரில் ஏற்றது. மார்பில் இருக்க வேண்டிய பயிற்சிக்கூடம் தொடையிலிருந்தும் வேலைசெய்கிறது. சாறு செய்யாததைத் திசு செய்கிறது. இதனினும் தெளிவான விடை வேறு வேண்டுமோ?

ஆகவே, நண்பர்களின் கேள்விக்கு என் விடை இது. கடையில் விற்கும் தைமஸ் மாத்திரை முதியவரின் தைமஸை மீட்கும் என்பதற்குச் சான்று இல்லை. வாயால் உண்ட புரதத்தை வயிறு மற்ற உணவைப் போலவே செரித்துவிடும். அந்தப் பணத்திற்குப் பருப்பும் பயறும் முட்டையும் வாங்கலாம். அவற்றில் புரதமும் உண்டு, துத்தநாகமும் உண்டு. முதியவர்களுக்கு உரிய தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது அதனினும் நன்று. இளமையில் தைமஸ் தேர்ந்தெடுத்து அனுப்பிய டி-அணுக்கள் இன்னும் அவர்கள் உடலில் உள்ளன, தடுப்பூசி அவற்றுக்குத்தான் வேலை கொடுக்கிறது.